சாவி இரண்டு, இடையிலே ஒரு பள்ளம்!



வீட்டை விற்பது ஒரு நாள். வேறு வீடு வாங்குவது மற்றொரு நாள். இவ்விரு நாட்களும் ஒன்றாக அமைந்துவிட்டால் தொல்லை இல்லை. அமைவதில்லையே! அமையாதபோது நடுவிலே விழுகிறதே ஓர் இடைவெளி, அது நாட்காட்டியிலே பார்த்தால் இரண்டு தாள், மூன்று தாள். பாட்டாளியின் வாழ்விலே பார்த்தால் பாழுங்கிணறு!

பணம் படைத்தவன் கண்ணுக்கு இந்தக் கிணறு தெரியாது. புதிய மாளிகைக்குக் குடிபோன பிறகு, பழைய மாளிகையைப் பூட்டிவைத்து, கேட்ட விலை கிடைக்கும் வரையிலே காத்திருப்பான். ஆறு மாதம் காத்திருந்தாலும் அவன் வீட்டு அடுப்பு அணையாது. உழைத்துப் பிழைப்பவனுக்கோ வீடு ஒன்று. அந்த ஒன்றுதான் அவன் கூரை. அந்த ஒன்றுதான் அவன் உண்டியல். உண்டியலை உடைத்தால்தான் அடுத்த கூரைக்குக் காசு. உடைத்த அன்றே இருக்கிற கூரை போய்விடும். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது? இதுதான் கேள்வி.

"வீடு மாற்றுவது அவனவன் சொந்த விவகாரம், இதைப் பற்றி ஏட்டிலே எழுதுவானேன்?" என்று கேட்பவர் உண்டு. ஆலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போகிறது. உழைப்பாளி அதன் பின்னே போகிறான். மகளுக்குக் கல்லூரி கிடைக்கிறது. குடும்பம் அவள் பின்னே போகிறது. மூன்றாம் மாடியிலே குடியிருக்கும் தாய்க்கு முழங்கால் ஓய்ந்துவிடுகிறது. தரைத்தள வீடு தேட வேண்டியதாகிறது. இவற்றிலே எது ஆடம்பரம்? எது பேராசை? இருபது ஆண்டுச் சம்பளம் செங்கல்லாக நிற்கிறது. அதைப் பெயர்த்து இன்னொரு இடத்திலே நடுகிற மூன்று மாதத்திலே அது நொறுங்கிப் போகுமானால், அது ஊர் விவகாரம்தான். ஏட்டிலே எழுத வேண்டிய விவகாரம்தான்!

கணக்குப் போட்டே பார்ப்போம்.

வியாசர்பாடியிலே ஓர் அடுக்ககத்திலே சிறு வீடு வைத்திருக்கும் தோழர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலை ஒரகடத்திலே. மாதச் சம்பளம் 60,000 ரூபாய். வேலைக்கு அருகே, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலே, படப்பைப் பக்கம் ஒரு தனி வீடு பார்க்கிறார். பழைய வீடு 40 இலட்சத்துக்குப் போகும். அதன்மேல் இன்னும் 8 இலட்சம் கடன் நிற்கிறது. அடைத்தால் கையிலே 32 இலட்சம். பார்த்திருக்கும் வீடு 55 இலட்சம். முத்திரைத் தீர்வை 100க்கு 7, பதிவுக் கட்டணம் 100க்கு 2. சேர்ந்து 4,95,000 ரூபாய். ஆகமொத்தம் ஏறத்தாழ 60 இலட்சம். குறைவது 28 இலட்சம். 8.5 விழுக்காடு வட்டியிலே 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 24,300 ரூபாய். கடினம், ஆனால் இழுத்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

எங்கே சரியாக இருக்கிறது? காகிதத்திலே! விற்பனையும் வாங்குதலும் ஒரே மூச்சிலே நடந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். முன்னே பின்னே ஆனால்?

முதலிலே வாங்கிவிடுகிறார் என்று கொள்வோம். பழைய வீட்டுப் பணம் இன்னும் வரவில்லை. 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரை கடன் என்றால், வீட்டு மதிப்பிலே 100க்கு 80க்கு மேல் தரலாகாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. 55 இலட்சத்துக்கு 44 இலட்சம். மீதி 11 இலட்சமும், பத்திரச் செலவு 5 இலட்சமும் கைப்பணமாக வேண்டும்; பத்திரச் செலவை அந்த மதிப்பிலே சேர்த்துக் கடன் கேட்க முடியாது. 16 இலட்சம் ரூபாய்க்கு எங்கே போவார்? மனைவியின் கழுத்தைப் பார்ப்பார்; பிறகு வட்டிக்கடை வாசலைப் பார்ப்பார். கொடும் வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டிலே 2003இலேயே சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. மீட்டர் வட்டி வீட்டிலே இருக்கிறது! சரி, எப்படியோ புரட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 44 இலட்சத்துக்குத் தவணை ஏறத்தாழ 38,000. பழைய கடன் தவணை 10,000 என்றால் இரண்டும் சேர்ந்து 48,000. சம்பளம் 60,000. மீதி 12,000த்திலே அரிசி, பள்ளிக்கூடம், பேருந்து, மருந்து! இப்படிப்பட்ட கணக்குக்குப் பாங்கி கையெழுத்துப் போடாது. போட்டாலும் குடும்பம் தாங்காது.

அவர் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. முன்பணம் மட்டும் கொடுத்து ஒப்பந்தம் போடுகிறார். 5,50,000 ரூபாய், தவணை மூன்று மாதம். பழைய வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், வாங்குபவர் வரவில்லை. மூன்று மாதம் முடிகிறது. தவறு வாங்க வந்தவருடையது என்றால், ஒப்பந்தத்திலே உறுதிப் பணம் என்று எழுதப்பட்ட முன்பணத்தை விற்பவர் பறிமுதல் செய்துகொள்ளலாம் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. ஆண்டுக்கணக்கிலே சேர்த்த பணம், ஒரு தேதி கடந்ததும் வேறொருவர் பணம்!

"நிலம், வீடு இவற்றிலே காலக்கெடு அவ்வளவு கண்டிப்பல்ல, கொஞ்சம் தாமதமானால் ஒன்றும் ஆகாது" என்று தரகர்கள் தேற்றுவார்கள். அந்தத் தேற்றரவை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மதுரை நகரத்து வீடு ஒன்று. 1978 டிசம்பரிலே ஒப்பந்தம். விலை 60,000 ரூபாய், முன்பணம் 5,000, தவணை 6 மாதம். வாங்க வந்தவர் வழக்குத் தொடுத்தது 1981இலே. இடையிலே இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. விலை மும்மடங்கு ஏறிவிட்டது என்றார்கள் விற்பவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1997இலே தீர்ப்பு. வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம் சட்டத்திலே உண்டு. அதற்காக ஒப்பந்தத்திலே எழுதிய ஆறு மாதத்துக்குப் பொருளே இல்லை என்று ஆகிவிடாது. நகரத்திலே வீட்டு விலை விரைந்து ஏறுகிற காலத்திலே சும்மா இருந்தவருக்கு வீடு கிடையாது என்பதே அதன் சாரம். 2011இலே இன்னொரு வழக்கிலும் அதே நீதிமன்றம் இந்தக் கருத்தை வலியுறுத்திற்று. ஆகவே, தோழர்களே, ஒப்பந்தத்திலே எழுதுகிற தேதி அலங்காரத்துக்கு எழுதுகிற தேதி அல்ல.

சரி, முதலிலே விற்றுவிட்டால்? கடன் அடைந்தது, கையிலே 32 இலட்சம். நெஞ்சிலே நிம்மதி! எத்தனை நாளைக்கு? வாடகை வீடு தேட வேண்டும், அதற்கு முன்பணம், சாமானை ஏற்ற ஒரு முறை வண்டி, இறக்க ஒரு முறை வண்டி, பிறகு சொந்த வீட்டுக்கு இன்னொரு முறை. இது சிறு செலவு. பெருஞ்செலவு வேறு. கையிலே பணம் இருக்கிறது என்ற சேதி கால் இல்லாமலே ஊர் சுற்றும். மைத்துனருக்குத் தொழில் தொடங்க ஆசை பிறக்கும்; மாதம் இத்தனை விழுக்காடு தருகிறோம் என்று சீட்டுக்காரர்கள் வருவார்கள். ஒரே மாதம்தானே என்று கொடுப்பார். பணம் கரையும், பார்த்து வைத்த வீட்டின் விலையோ ஏறும். விற்ற பணம் நின்ற இடத்திலே நிற்க, வாங்கும் வீட்டு விலை 5 இலட்சம் ஏறினால் போதும், 20 ஆண்டு உழைத்துச் சொந்த வீட்டுக்காரரானவர் மறுபடி குடிக்கூலிக்காரர்!

முதலிலே விற்க ஒப்புக்கொண்டு, வேறு வீடு அமையவில்லை என்று பின்வாங்கலாமா? அதுவும் முன்போல் எளிதல்ல. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரும்படி கட்டளையிடுவது முன்பு நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. குறித்த துயர்தீர்வுச் சட்டத்திலே 2018இலே செய்யப்பட்ட திருத்தம், அந்த விருப்புரிமையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. தன் பங்கை நிறைவேற்ற ஆயத்தமாக இருக்கும் வாங்குபவர் வழக்குப் போட்டால், கையெழுத்துப் போட்டவர் கொடுத்தே தீர வேண்டிய நிலை.

முன்னே வாங்கினால் வட்டி விழுங்குகிறது. முன்னே விற்றால் விலையேற்றம் விழுங்குகிறது. இடையிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது, கேளுங்கள்.

வீடு விற்ற இலாபத்துக்கு வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடானால் நீண்டகால இலாபம், 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23க்கு முன்னே வாங்கிய வீடானால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த இலாபத்தை இன்னொரு குடியிருப்பு வீட்டிலே போட்டால் வரி விலக்கும் உண்டு. எவ்வளவு அவகாசம்? விற்ற நாளுக்கு ஓராண்டு முன்பு வாங்கியிருக்கலாம், இரண்டாண்டு பின்பு வரை வாங்கலாம், கட்டுவதானால் மூன்றாண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தந்த சலுகை இது; 2025இலே இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

ஆக, விற்பதும் வாங்குவதும் ஒரே நாளிலே நடக்காது, முன்பின் ஆகும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும்! தெரிந்துதான் முன்னே ஓராண்டும் பின்னே இரண்டாண்டும் கொடுத்தார்கள். வரிக்கு மூன்றாண்டு அகலத்திலே பாலம் போட்டார்கள். கூரைக்கு? மூன்று நாள் அகலத்திலேகூட இல்லை! இந்தச் சலுகைக்கு 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரம்பு கட்டினார்கள், எவ்வளவு தெரியுமா? 10 கோடி ரூபாய்! பத்துக் கோடி வரை இலாபம் பார்ப்பவனுக்குப் பாலம் இருக்கிறது. பத்து இலட்சம் இடையிலே தட்டுப்படுபவனுக்கு வட்டிக்கடை இருக்கிறது!

அந்தச் சலுகையையாவது பாட்டாளி விட்டுவிடலாகாது. பலர் நினைப்பதுபோல விற்ற தொகை முழுவதையும் புது வீட்டிலே போட வேண்டியதில்லை. இலாபத் தொகையளவு போட்டாலே முழு விலக்கு. வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் கெடுவுக்குள் வீடு வாங்கவில்லையானால், 1988ஆம் ஆண்டுத் திட்டப்படி மூலதன ஆதாயக் கணக்கு என்று பாங்கியிலே தனிக் கணக்குத் தொடங்கி அந்தத் தொகையைப் போட்டு வைக்க வேண்டும். மைத்துனரிடமிருந்தும் சீட்டுக்காரரிடமிருந்தும் அந்தக் கணக்கு பணத்தைக் காப்பாற்றும் என்பது கூடுதல் நன்மை!

சரி, பாலம் போடாத நாட்டிலே பள்ளத்தைத் தாண்டுவது எப்படி? நாம் கூறும் முறை ஒன்று. விலைக்குப் பேரம் பேசும் முன்னே தேதிக்குப் பேரம் பேசுங்கள்!

ஆள் தேடும் முன்னே தாள் தேடுங்கள். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரே உறையிலே இருக்க வேண்டும். வீட்டு வசதி வாரியத்திலே ஒதுக்கீடு பெற்ற வீடானால், ஒதுக்கீட்டு ஆணை வேறு, விற்பனைப் பத்திரம் வேறு. பத்திரம் வாங்கிய பிறகே சந்தைக்குப் போங்கள். பூர்வீக வீடானால் சகோதரிகளின் கையெழுத்து வேண்டும். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்திலே சம உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்துவிட்டது. "தங்கை எங்கே கேட்கப் போகிறாள்" என்று இருந்துவிட்டுக் கடைசி வாரத்திலே கையெழுத்துக்கு அலைபவர் தேதியையும் இழப்பார், தங்கையின் மதிப்பையும் இழப்பார்.

பழைய வீட்டின்மேல் கடன் இருந்தால், எவ்வளவு பாக்கி, என்னென்ன பத்திரம் பாங்கியிலே இருக்கிறது என்று எழுத்திலே வாங்கி வையுங்கள். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2023இலே ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறை. உரிமை இருக்கிறது; கேட்டுப் பெறுங்கள். ஆனால் அந்த 30 நாளையும் உங்கள் தேதிக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். மாறும் வட்டியிலே தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

விற்கும் ஒப்பந்தம் முன்னே; வாங்கும் ஒப்பந்தம் பின்னே. இடையிலே பல வாரம் ஓடவிடாதீர்கள். விற்கும் ஒப்பந்தத்துக்கு நான்கு மாதத் தவணை என்றால், வாங்கும் ஒப்பந்தத்துக்கு ஐந்து மாதம் கேளுங்கள். வாங்குகிற தேதி விற்கிற தேதிக்குப் பின்னாலே நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தால் மற்ற விதிகளால் பயனில்லை. வாங்கும் ஒப்பந்தத்திலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எங்கள் வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தவர் கிரயம் முடிக்காவிட்டால், தவணை இத்தனை நாள் நீளும், அதற்கு மேலும் ஆகாவிட்டால் முன்பணம் இன்ன அளவு திரும்ப வரும் என்று. விற்பவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அல்லது விலையிலே கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். 50,000 கூடக் கொடுத்து இந்த வரியை வாங்கினாலும் மலிவு. 5,50,000 அல்லவா அதற்குள் பத்திரமாக இருக்கிறது!

வாய்ச்சொல்லிலே நிற்காதீர்கள். வீடு, மனை விற்கும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டம். 2012 டிசம்பர் முதல் நடைமுறை. வெள்ளைத் தாளிலே ஒப்பந்தம், தேநீர்க் கடையிலே முன்பணம் என்பது பள்ளத்தின் ஓரத்திலே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

உங்கள் வீட்டை வாங்க வருபவரைப் பார்த்துக் கேளுங்கள்: "ஐயா, உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது?" கேட்க வெட்கம் வேண்டாம். அவரும் தம் வீட்டை விற்றுத்தான் உமக்குக் கொடுக்கப் போகிறார் என்றால், உம் தேதி அவர் கையிலே இல்லை. மூன்றாவது மனிதர் கையிலே இருக்கிறது. இங்கிலாந்திலே இதற்குச் சங்கிலி என்றே பெயர். ஒருவர் வீடு விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும். எங்கோ ஒரு கண்ணி அறுந்தால் வரிசை முழுதும் நின்றுவிடும்.

பதிவு நாளும் குடிபோகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பத்திரம் இன்று, சாவி 45 நாளோ 60 நாளோ கழித்து, அதுவரை இவ்வளவு வாடகை, கெடு தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு. இப்படி எழுதிக்கொண்டால், விற்ற பணம் கைக்கு வந்த பிறகும் தலைக்கு மேலே கூரை இருக்கும். அந்த அறுபது நாளிலே புது வீட்டுப் பத்திரத்தை முடித்து, சாமானை ஒரே முறை ஏற்றி இறக்கலாம்.

கறுப்புப் பணத்தின் பக்கம் போகாதீர்கள். நேர்மைக்காக மட்டும் சொல்லவில்லை. பள்ளத்தைத் தாண்டுவதற்காகவும் சொல்கிறோம். வீடு, மனைப் பேரத்திலே 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கலாகாது என்பது 2015 ஜூன் முதல் உள்ள சட்டம். வாங்கினால் அந்தத் தொகையளவே அபராதம். 40 இலட்சத்து வீட்டைப் பத்திரத்திலே 28 என்று எழுதி 12 இலட்சத்தை ரொக்கமாக வாங்கியவர், படப்பை வீட்டுக்காரருக்கு அதை எப்படிக் கொடுப்பார்? கறுப்புப் பணம் கட்டிலுக்கு அடியிலே தூங்கும். பாட்டாளி அதன்மேலே தூக்கம் இல்லாமல் புரள்வார்! 50 இலட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்கும்போது, விலையிலே 100க்கு ஒன்றைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு, அதையும் மறவாதீர்கள்.

இன்னொன்று. ஆடியிலே குடிபோகக் கூடாது, மார்கழியிலே பத்திரம் கூடாது என்பார்கள். வானத்துக் கோளுக்கும் வியாசர்பாடி வில்லங்கச் சான்றுக்கும் என்ன உறவோ நாம் அறியோம். ஆனால் அந்த நம்பிக்கை சந்தையிலே நடமாடுகிறது. நல்ல நாள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலே கூட்டம் நெரிகிறது. பதிவுத் துறை கூடுதல் டோக்கன் வழங்குகிற அளவுக்கு நெரிகிறது. பகுத்தறிவாளனுக்கு இது ஒரு வாய்ப்பு! விற்பதற்கு ஆடிக்கு முன்பே ஆள் பிடியுங்கள்; வாங்குவதற்கு ஆடியிலே போய்ப் பேசுங்கள். போட்டிக்கு ஆள் குறைந்த மாதத்திலே, தேதியைக் கேட்கும் உரிமை உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும்.

இவ்வளவும் தனி மனிதன் செய்துகொள்ளும் தற்காப்பு. குடை பிடிப்பது நல்லது. அதற்காகக் கூரை போடுவது அரசின் வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

தமிழும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1960இலே தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களிலே பெரும்பாலோருக்கு வீடு கட்டித் தந்திருக்கிறது. கழக வீட்டை விற்று இன்னொரு கழக வீடு வாங்குபவர், விற்ற பணத்தையே நேராக வாங்கும் வீட்டுக்குத் திருப்பிவிட ஓர் ஏற்பாடு உண்டு. இரு பேரங்களையும் ஒருங்கே முடித்துவைக்கிறது கழகம். விற்றவர், வாங்கியவர் சம்மதத்தோடு, அதே வீட்டிலே மூன்று மாதம் வரை தங்கியிருக்கவும் முறை உண்டு. இங்கிலாந்திலே, பழைய வீட்டை விற்கும் முன்னே புதிய வீடு வாங்கினால் இரண்டாம் வீடு என்று கூடுதல் வரி கட்ட வேண்டும். ஆனால் மூன்றாண்டுக்குள் பழைய வீட்டை விற்றுவிட்டால் அந்தக் கூடுதல் வரியைத் திருப்பிக் கேட்கலாம். இடையிலே பள்ளம் இருக்கிறது என்பதை அந்த அரசுகள் கண்ணால் கண்டிருக்கின்றன.

இங்கே? ஆறு வீடு வாங்கிக் குவிப்பவனுக்கும் 100க்கு 9. இருந்த ஒரே வீட்டை விற்று இன்னொரு கூரைக்குப் போகிறவனுக்கும் 100க்கு 9! பெண்கள் பெயரிலே 10 இலட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்திலே 100க்கு ஒன்று குறைத்தார்கள், 2025 ஏப்ரல் முதல். புதிய அடுக்கக வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையைக் குறைத்தார்கள், 2023 டிசம்பர் முதல். நல்லது, வரவேற்கிறோம். இரக்கம் காட்ட வழி இருக்கிறது என்பதற்கு இவையே சான்று. அந்த இரக்கம், வீடு மாறும் பாட்டாளியின் வாசலுக்கும் வரட்டும்.

நாம் கேட்பது மூன்று. ஒரே வீட்டை விற்று ஓராண்டுக்குள் ஒரே வீடு வாங்குகிறவருக்கு, விற்ற வீட்டு மதிப்பளவுக்கு முத்திரைத் தீர்வையிலே தள்ளுபடி. அப்படி மாறுகிறவருக்கு, விற்பனை ஒப்பந்தத்தையே ஈடாகக் கொண்டு, வீட்டுக் கடன் வட்டிக்கே, பொதுத்துறைப் பாங்கிகளும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும் ஆறு மாத இடைக்காலக் கடன். இன்று சில பாங்கிகள் தரும் இடைக்காலக் கடனுக்கு வட்டி கூடுதல். அது பாட்டாளிக்கு எட்டாக்கனி. மூன்றாவது, விற்கும் பத்திரமும் வாங்கும் பத்திரமும் ஒரே நாளிலே அடுத்தடுத்துப் பதிவாகவும், பாங்கியிலிருந்து பாங்கிக்குப் பணமும் பத்திரமும் அன்றே கைமாறவும் ஒரு நிலையான ஏற்பாடு.

இவற்றிலே எது வானத்தை வில்லாக வளைப்பது? எது மணலைக் கயிறாகத் திரிப்பது? வரிக்கு மூன்றாண்டுப் பாலம் கட்டத் தெரிந்த கைகளுக்குக் கூரைக்கு மூன்று மாதப் பாலம் கட்டத் தெரியாதா?

தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் சங்கக் கூட்டத்திலே இதைப் பேசட்டும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களிலே உறுப்பினராக இருப்பவர்கள் பேரவைக் கூட்டத்திலே எழுந்து கேட்கட்டும். பத்திரம் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு தோழரும், படிக்கத் தெரியாத ஒரு தோழருக்கு ஒப்பந்தத்தின் தேதி வரியைப் படித்துக் காட்டட்டும். கோரிக்கை வெல்லும் வரையிலே, பேனாவைக் கையிலே எடுக்கும் முன் கேளுங்கள்: விற்கும் தேதி எது, வாங்கும் தேதி எது, சாவி கைமாறும் தேதி எது? மூன்றும் எழுத்திலே வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தரகர் அவசரப்படுத்துவார்; அவருக்குத் தரகு ஒரு நாள் வேலை. உங்களுக்கோ அது இருபது ஆண்டு வேலை!